மாலத்தீவில் எந்த அறையை எடுப்பது? ஜூலையில் குடும்பத்தோடு போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: ஜூலை கடைசி வாரம், மாலத்தீவில் நாலு ராத்திரி. கணவன், மனைவி, நாலு வயது மகள், முட்டிவலி உள்ள 68 வயது அம்மா. ரிசார்ட்டின் பட்டியலைத் திறந்தால் பதினோரு வகை அறைகள். சன்செட் வாட்டர் வில்லா (கடலுக்கு மேல் தூண் நட்டுக் கட்டியது), சன்ரைஸ் பீச் வில்லா (கரையில் கட்டியது), பூல் வைத்த பீச் சூட், ஃபேமிலி சூட் என்று போய்க்கொண்டே இருக்கிறது. "அவ்வளவு தூரம் போய் வாட்டர் வில்லாவில் தங்காமல் வந்தால் என்ன அர்த்தம்?" என்று நண்பர்கள் வேறு கிளப்பிவிடுகிறார்கள். எதை எடுப்பது?

நான் அங்கே ஒரு ரிசார்ட்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். முதலில் ரிசர்வேஷன், பிறகு ஃப்ரண்ட் ஆபீஸ். கடைசி நாலு வருடம், அடுத்த சில நாளில் வருகிற விருந்தாளிகளுக்கு எந்த அறை எண் என்று தினமும் சாயங்காலம் உட்கார்ந்து ஒதுக்குகிற வேலை. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கட்டடத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு பீச் வில்லா, நடுவில் கதவு, தீவின் கிழக்குப் பக்கம். பூல் வேண்டாம். விலைப் பட்டியலில் இது அநேகமாக அடிமட்டத்தில் கிடக்கும். கௌரவக் குறைச்சலாக நினைக்காதீர்கள். ஜூலையில் உங்கள் நாலு பேருக்கு அந்தத் தீவிலேயே நல்ல இடம் அதுதான்.

கிழக்கு ஏன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பட்டியலில் எங்கேயும் இதை எழுத மாட்டார்கள். மாலத்தீவில் இரண்டு பருவம். ஏறக்குறைய டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, அவர்கள் பாஷையில் இருவை. வானம் வெளுத்திருக்கும், மழை குறைவு. மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று, ஹுளங்கு. நம் ஊர் தென்மேற்குப் பருவக்காற்றேதான், நமக்கு முன்பே அவர்களைத் தொட்டுவிட்டு வருகிறது. அந்த மாதங்களில் காற்றும் அலையும் தீவின் மேற்குப் பக்கத்தில்தான் வந்து மோதும். சன்செட் என்று பெயர் வைத்து அதிகம் பணம் வாங்குகிற அறைகள் இருப்பதும் அதே மேற்குப் பக்கம்தான்.

ஒரு ஆகஸ்ட் மாதம் தேனிலவுக்கு வந்த ஜோடி நினைவுக்கு வருகிறது. சன்செட் வாட்டர் வில்லா, முழுப் பணமும் கட்டி வந்தவர்கள். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு போன். டெக்கில் (அறைக்கு வெளியே கடலைப் பார்த்த பலகைத் தளம்) போட்டிருந்த மெத்தை நாற்காலி காற்றில் உருண்டு கண்ணாடிக் கதவில் இடித்துக்கொண்டிருக்கிறது, தரைக்கு அடியில் அலை தூண்களில் மோதி 'தொம் தொம்' என்று கட்டிலோடு அதிர்கிறது, தூக்கம் வரவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். அறையில் ஒரு குறையும் கிடையாது. மார்ச் மாதத்தில் அதே அறைக்குள் நின்றால் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்கு அமைதியாக இருக்கும். மறுநாள் கிழக்குப் பக்கம் ஒரு சாதாரண பீச் வில்லாவுக்கு மாற்றினோம். போகும்வரை அவர்கள் அதைவிட்டு நகரவில்லை. இதே கணக்கு பிப்ரவரியில் தலைகீழாகும். அப்போது கிழக்கில் காற்றடிக்கும், மேற்கு குளம் மாதிரி கிடக்கும். அதனால் யாராவது "நான் போனபோது சன்செட் பக்கம் பிரமாதம்" என்று சொன்னால், எந்த மாதம் போனார் என்று கேளுங்கள்.

மணலும் இதே காற்றோடு இடம் மாறும். பவளத் தீவுகளின் கடற்கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து மணல் அரித்துக் கிழக்குப் பக்கம் போய்ச் சேரும், வடகிழக்குக் காற்றில் திரும்பி வரும். எல்லாத் தீவிலும் ஒரே அளவில் நடக்காது, ஆனால் நான் இருந்த தீவில் ஒரே அறைக்கு முன்னால் மார்ச்சில் முப்பது அடி மணலும் ஆகஸ்டில் வெறும் மணல் மூட்டைச் சுவரும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ரிசார்ட்டின் விளம்பரப் படங்கள் பெரும்பாலும் வெயில் காலத்தில் எடுத்தவை. 'பீச் வில்லா' என்று எழுதியிருக்கும், போய் இறங்கினால் பீச் லீவில் போயிருக்கும்.

சரி, சூரிய அஸ்தமனத்துக்காகவே சன்செட் வில்லா எடுக்கலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். சூரியன் வருடம் முழுக்க நேர் மேற்கில் விழுவதில்லை. ஜூலை கடைசியில் மேற்கிலிருந்து கிட்டத்தட்ட 20 டிகிரி வடக்கே தள்ளி இறங்கும், டிசம்பரில் தெற்கே தள்ளி. வாட்டர் வில்லாக்கள் ஜெட்டியின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பலகைப் பாதை) இரு புறமும் வரிசையாக, ஆளுக்கொரு கோணத்தில் நிற்பவை. சில 'சன்செட்' வில்லாக்களில் பாதி வருடம் பக்கத்து வில்லாவின் கூரைக்குப் பின்னால்தான் சூரியன் போகும். அதுவும் போக, ஜூலையில் சாயங்கால மேகம் சகஜம். அஸ்தமனம் பார்க்க வேண்டுமானால் அஞ்சரை மணிக்கு மேற்குக் கரைக்கு நடந்து போய்விடலாம், தீவே பத்து நிமிடத்தில் சுற்றி வரக்கூடியது. அதற்கு ராத்திரி வாடகை கொடுக்க வேண்டியதில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளுக்கு மாலை வெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று பல ரிசார்ட்கள் தலைநகர் மாலேயின் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தங்கள் கடிகாரத்தை வைத்திருக்கும். தீவுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இல்லாவிட்டால் கடைசி நாள் விமானக் கணக்கு குழம்பும்.

வாட்டர் வில்லாவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கடலுக்கு மேல் தூண் நட்டு அறை கட்டி விருந்தாளிகளைத் தங்கவைக்கிற யோசனை 1967ல் பிரெஞ்சு பாலினேசியாவில் ஆரம்பித்தது, மாலத்தீவில் அல்ல. மாலத்தீவின் முதல் ரிசார்ட்டான குரும்பா 1972ல் திறந்தபோது கரையில் கட்டிய எளிய அறைகள்தான் இருந்தன. பின்னால் வந்த வாட்டர் வில்லாதான் இன்று அந்த நாட்டின் முகமாகிவிட்டது. இரண்டே பேர், காற்றில்லாத மாதம் என்றால் நானே எடுக்கச் சொல்வேன். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து எட்டுப் படி இறங்கினால் கழுத்தளவு தண்ணீர், காலடியில் திருக்கை மீன் போகும். அந்த அனுபவத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டு ஆட்களை அதற்குள் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டெக்கின் மூன்று பக்கமும் கடல். கைப்பிடி இருந்தால் ஒரு பக்கம் இருக்கும், அதுவும் பெரியவர்கள் சாய்ந்துகொள்ளும் உயரத்தில் ஒரே ஒரு கட்டை, நாலு வயதுக் குழந்தை குனியாமலே அடியில் போகலாம். கடலுக்கு இறங்கும் படியில் கடைசி மூன்று படிகள் எப்போதும் பாசி பிடித்து வழுக்கும். பல ரிசார்ட்கள் இதனால்தான் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வாட்டர் வில்லாவில் அனுமதிப்பதே இல்லை. சில இடங்களில் பொறுப்பு உங்களுடையது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாம், நாலு நாளும் யாராவது ஒருவர் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம். அம்மாவுக்கோ ஜெட்டி தூரம். கடைசி வில்லாவிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் தீவுகள் உண்டு. பக்கிக்கு (தீவுக்குள் ஓடும் சிறு வண்டி) போன் போட்டால் வரும். எட்டரை மணிக் காலை உணவு நேரத்தில் எல்லோரும் போன் போடுவார்கள் என்பதால் இருபது நிமிடம் வெயிலில் நிற்கவேண்டி வரும்.

பூல் வைத்த சூட்டுக்கும் இதே பேச்சுதான். மாலத்தீவில் அறைக்கு முன்னால் இருக்கும் சிறிய பூல்களுக்கு வேலி அநேகமாக இருக்காது. படுக்கையறைக் கதவைத் தள்ளினால் நாலடியில் தண்ணீர். கேட்டால் தற்காலிக வேலி வைத்துத் தரும் இடங்கள் உண்டு, கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆனால் முன்னால் முழங்கால் அளவு லகூன் (கரையை ஒட்டிய ஆழமில்லாத கடல்) இருக்கும்போது, அதைவிடச் சின்னத் தொட்டிக்குப் பணம் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

'சூட்' என்ற சொல்லையும் நம்பி ஏமாறாதீர்கள். ஹோட்டல்காரன் வாயில் சூட் என்றால் தனி ஹால் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஜூனியர் சூட் என்பது பெரும்பாலும் ஒரே அறை, ஒரு மூலையில் சோஃபா. நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சாத்துகிற கதவு இருக்கிறதா?" என்பதுதான். இருந்தால் சூட், இல்லாவிட்டால் பெரிய அறை. பரப்பளவும் அப்படித்தான். 200 சதுர மீட்டர் என்றால் 2,150 சதுர அடி, நம் ஊரில் இரண்டு ஃபிளாட். ஆனால் அந்தக் கணக்கில் டெக், தோட்டம், திறந்தவெளிக் குளியலறை, பூல் எல்லாம் சேர்த்தி. கூரைக்குக் கீழே எவ்வளவு என்று கேட்டால் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

திறந்தவெளிக் குளியலறை என்றதும் அம்மா ஞாபகம் வந்தது. பீச் வில்லாக்களில் இது அங்கே ரொம்பப் பிரபலம். மதில் சுவருக்குள் மணல், நடுவில் கல் பாதை, ஒரு மூங்கில் ஷவர், தலைக்கு மேல் வானம். பகலில் அழகு. ராத்திரி மூணு மணிக்கு, ஜூலை மழையில், வழுக்குகிற கல்லில் அம்மா டாய்லெட்டுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். சில வில்லாக்களில் டாய்லெட் உள்ளேயே இருக்கும், ஷவர் மட்டும் வெளியே. சிலவற்றில் டாய்லெட்டுக்கே திறந்தவெளியைத் தாண்டித்தான் போக வேண்டும். படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டுவிடுங்கள். குளிக்கும் இடம் தொட்டிக்குள் ஏறி இறங்குகிற மாதிரியா, தரையோடு தரையா என்பதையும்.

அடுத்தது ஆள் கணக்கு. மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை என்று போட்டால் பெரும்பாலான வில்லாக்கள் ஏற்காது. 'மூன்று பெரியவர், அல்லது இரண்டு பெரியவர் இரண்டு குழந்தை' என்றுதான் வரம்பு இருக்கும். அப்போது தானாகவே இரண்டு படுக்கையறை வில்லாவைக் காட்டும், விலையும் ஏறிவிடும். அதற்கு முன்னால், ஒட்டியிருக்கும் இரண்டு பீச் வில்லாவின் விலையைக் கூட்டிப் பாருங்கள். சில நேரம் இரண்டு படுக்கையறை வில்லா சொகுசு வகை, பீச் வில்லா அடிப்படை வகை என்பதால் பாதி விலையில் முடிந்துவிடும். பாட்டியும் பேத்தியும் ஓர் அறை, நீங்கள் இருவரும் ஓர் அறை. இங்கே ஒரு சொல் வித்தியாசம் கவனியுங்கள். 'கனெக்டிங்' என்றால் நடுவில் கதவு. 'அட்ஜசென்ட்' என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான். பக்கத்து வில்லா என்பது அந்தத் தீவுகளில் புதருக்கு அந்தப் பக்கம் இருபது மீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

விலை சொல்லும்போது 'பிளஸ் பிளஸ்' என்று போட்டிருந்தால் அந்தத் தொகையை அப்படியே நம்ப வேண்டாம். முதலில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அதைச் சேர்த்து வருகிற தொகையின் மேல் 17 சதவீத வரி. வரி 2025 ஜூலைக்கு முன் 16ஆக இருந்தது. ஆக 100 டாலர் 128.70 ஆகும். 600 டாலர் அறை 772. அது போக ரிசார்ட்களில் கிரீன் டாக்ஸ் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், 2025 ஜனவரியில் ஆறிலிருந்து இரட்டிப்பானது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் விலக்கு, உங்கள் மகளுக்குக் கிடையாது. நாலு பேர், நாலு ராத்திரி, 192 டாலர். சாப்பாட்டு பில்லுக்கும் அதே 'பிளஸ் பிளஸ்' உண்டு. தீவைவிட்டு வெளியே போய் இட்லி கடை தேட முடியாது என்பதால் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த திட்டத்தையே எடுங்கள். அம்மா சைவமென்றால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், சாம்பார் வைக்கத் தெரிந்த நம் ஆள் ஒருவர் அநேகமாக எல்லாச் சமையலறையிலும் இருப்பார்.

போக்குவரத்து அறையோடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும், ஆனால் உண்டு. தூரத் தீவுகளுக்குப் போகும் சீப்ளேன் (கடலில் இறங்கும் சிறு விமானம்) பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலேயில் பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு இறங்கினால் அன்றைக்குப் பெரும்பாலும் கிடைக்காது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், அந்த ராத்திரிக்கும் ரிசார்ட் வாடகை ஓடும். பெட்டி ஆளுக்கு 20 கிலோ, கையில் 5 கிலோ. இரண்டு அறை எடுப்பதால் பட்ஜெட் இடித்தால், மாலேக்குப் பக்கத்தில் ஸ்பீட்போட்டில் போகிற தீவாகப் பாருங்கள். நாலு பேருக்கான சீப்ளேன் காசு அப்படியே இரண்டாவது அறைக்குப் போய்விடும். ஜூலையில் படகு கொஞ்சம் தூக்கித்தான் போடும். அம்மாவைப் பின்பக்கம் உட்கார வையுங்கள், முன்பக்கம்தான் இடுப்பை ஒடிக்கும்.

இனி, தீவுக்குள் எந்த இடம். இதற்கு ரிசார்ட் தரும் வண்ண மேப் மட்டும் போதாது. கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்தைத் திறந்து தீவைப் பெரிதாக்குங்கள். படகு அணையும் ஜெட்டி இரண்டு தெரியும். ஒன்று விருந்தாளிகள் இறங்குவது. இன்னொன்று கொஞ்சம் அசிங்கமாக, பக்கத்தில் பெரிய தகரக் கூரைகளோடு இருக்கும். ஒவ்வொரு ரிசார்ட்டும் தனித் தீவு என்பதால் மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், சலவை, ஊழியர் குடியிருப்பு எல்லாம் அந்தத் தகரக் கூரைகளுக்கு அடியில்தான். அங்கேயிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்களோ அவ்வளவு நிம்மதி. அறை எண்களை மேப்பில் பொருத்திப் பார்த்தால், ஒரே விலையுள்ள நாற்பது பீச் வில்லாக்களில் ஆறேழு அந்த மதில் பக்கத்தில் இருப்பது தெரியும். அவற்றையும் யாருக்காவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? ஒன்றும் கேட்காமல் புக் செய்தவர்களுக்குத்தான் நாங்கள் கொடுப்போம். வேறு வழி எங்களுக்கும் இல்லை.

அதே சாட்டிலைட் படத்தில் தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். வெளிர்நீலம் என்றால் மணல் தரை, ஆழமில்லை, குழந்தைக்கு ஏற்றது. பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் பவளம், வெறுங்காலோடு இறங்க முடியாது. அடர்நீலம் ரொம்பப் பக்கத்தில் வந்தால் அங்கே பவளத்திட்டின் விளிம்பு, நீச்சல் கண்ணாடி மாட்டி மீன் பார்க்க அருமை, நாலு வயதுக்கு ஆகாது. கரைக்கு இணையாகக் கல் வரிசை இருந்தால் அலைத் தடுப்பு. படத்தில் பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் உள்ளே தண்ணீர் அசையாமல் நிற்கும். உங்களுக்கு அது வரம்.

ஜூலைக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு. கூட்டம் குறைவான மாதம் என்பதால் ஜெட்டிப் பலகை மாற்றுவது, கூரை வேய்வது, மணல் பம்ப் அடிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். "நாங்கள் வரும் தேதிகளில் ஏதாவது பராமரிப்பு வேலை இருக்கிறதா, எந்த எண்களுக்குப் பக்கத்தில்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் மறைக்க மாட்டார்கள். கேட்காதவர்களிடம் தானாகச் சொல்லவும் மாட்டார்கள்.

அறை எண் முடிவாவது புக் செய்யும்போது அல்ல. நீங்கள் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் அந்தப் பட்டியலில் கை வைப்போம். பழைய விருந்தாளிகள் முதலில், கல்யாண ஜோடிகள் அடுத்து, பிறகு யாருடைய பெயருக்கு நேரே குறிப்பு எழுதியிருக்கிறதோ அவர்கள். அதனால் வாங்கிய இணையதளம் எதுவாக இருந்தாலும், நாலு நாள் முன்பு ரிசார்ட்டுக்கே நேராக ஒரு மெயில் போடுங்கள். "நல்ல அறையாகக் கொடுங்கள்" என்று எழுதினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. "அம்மாவால் அதிகம் நடக்க முடியாது, குழந்தை நாலு வயது, கிழக்குப் பக்கம் 112-113 அல்லது 114-115, நடுக்கதவு உள்ளது, உணவகத்துக்குப் பக்கம்" என்று எண்ணோடு எழுதினால் முக்கால்வாசி கிடைத்துவிடும். காரணம் சொல்லிக் கேட்கிறவரைத் தட்டிக்கழிக்க யாருக்கும் மனது வராது.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். பத்து நிமிடம் அறையைப் பாருங்கள். அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை வருகிறதா, குளியலறையில் சாக்கடை வாடை இருக்கிறதா, ஏசி தண்ணீர் சொட்டுகிறதா, கடல் பக்கக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் இருக்கிறதா, நடுக்கதவு நிஜமாகவே திறக்கிறதா. குறை இருந்தால் அழைத்து வந்த ஊழியர் அங்கே நிற்கும்போதே சொல்லுங்கள். துணியை அடுக்கி ஒரு ராத்திரி தூங்கிய பிறகு மாற்றச் சொன்னால், அதற்குள் காலி அறை வேறு யாருக்கோ போயிருக்கும்.

வாட்டர் வில்லா ஆசை அப்படியும் போகவில்லை என்றால், கடைசி ஒரு ராத்திரி நீங்களும் மனைவியும் மட்டும் அங்கே போங்கள், பாட்டியும் பேத்தியும் கரையிலேயே இருக்கட்டும். ஒரு ராத்திரிக்கு மட்டும் அறை மாற்றும் வசதி பல ரிசார்ட்களில் உண்டு, ஜூலையில் காலியாகக் கிடப்பதால் பேரமும் பேசலாம். ஆனால் ஜெட்டியின் கிழக்குப் பக்கத்து வரிசையாகக் கேளுங்கள். மாறுகிற அன்று நடுவில் மூன்று மணி நேரம் பெட்டியோடு அறையில்லாமல் இருக்க வேண்டி வரும், பாட்டி அறை இருப்பதால் உங்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

எந்தத் தீவு என்று முடிவானதும் மேப்பையும் பெயரையும் அனுப்புங்கள். எந்த எண்ணைக் கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.